உள்ளே மடித்த துணி

"அப்பா, இடுப்புல லூஸா இருக்குப்பா. கொஞ்சம் பிடிச்சுக் குடேன்."

மகள் பட்டன் இப்படிச் சொல்லும்போதெல்லாம் அப்பா ஏனென்று கேட்டதில்லை. அவர் ஆல்டரேஷன் கடைக்காரர். பிடிக்கச் சொன்னால் பிடிப்பார், பிரிக்கச் சொன்னால் பிரிப்பார். ஏன் இளைத்தீர்கள், ஏன் பெருத்தீர்கள் என்று வாயைக் கொடுக்கிற டெய்லரிடம் இரண்டாம் முறை எவனும் வரமாட்டான் என்பது அவர் தொழில் தர்மம். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, 'திரும்பு' என்று கையால் காட்டுவார். ஸ்கர்ட்டின் பக்கவாட்டில் இரண்டு விரல் துணியைக் கிள்ளிப் பிடித்து ஊசி குத்துவார். மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டுவார். மறுநாள் காலையில் பள்ளிச் சீருடை அவள்மேல் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும்.

மிச்சத் துணியை மட்டும் வெட்டமாட்டார். அதில் அவருக்கு ஒரு பிடிவாதம். "வெட்டிட்டா போச்சு. மடிச்சு உள்ளே வெச்சா, வேணுங்கறப்ப பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். வளர்கிற பிள்ளைகளின் உடுப்பில் எல்லா டெய்லரும் செய்வதுதான். ஆனால் வளர்கிற பிள்ளையின் உடுப்பைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டே போகிறோமே என்பது அவருக்கு உறைக்கவில்லை. கைக்கு வேலை வந்தால் மூளைக்கு விடுமுறை கொடுத்துவிடுகிற மனிதர். அதுவும் அம்மா போனபிறகு அவருக்கு அந்த விடுமுறை தேவையாக இருந்தது.

அவளுக்குப் பட்டன் என்ற பெயர் வந்ததும் அந்தக் கடையில்தான். தவழ்கிற வயதில் ஒரு வக்கீலின் கோட்டுப் பட்டனை எடுத்து விழுங்கிவிட்டாள். பயப்பட ஒன்றுமில்லை, தானாக வந்துவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்று சாயங்காலம் வக்கீல் வந்து நின்றபோது அம்மா கொஞ்சமும் சளைக்காமல், "கோட்டு ரெடி சார். பட்டன் மட்டும் வழியில இருக்கு" என்றாளாம். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளுக்கு, எது கேட்டாலும் வழியில் இருக்கிறது என்று சொல்லிப் பழக்கம். இந்தக் கதையை வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி, கடைசியில், "அன்னிக்குத் திறந்த வாய், இன்னும் மூடல" என்று மகளின் கன்னத்தைக் கிள்ளுவாள்.

அந்த வாயைத்தான் பட்டன் இப்போது மூடிக்கொண்டிருந்தாள்.

வீடு என்பது கடைக்குப் பின்னால் இரண்டு அறை. சமையலறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள். மூன்றாவது நாற்காலியில் இஸ்திரி போட வேண்டிய துணிகளை அப்பா போட ஆரம்பித்து, அது இப்போது துணிகளின் நாற்காலியாகவே ஆகிவிட்டது. அப்பா அடுப்பருகே நின்றபடியே சாப்பிட்டு முடிப்பார். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கடையிலிருந்து குரல் வரும். "அப்பவே ஆச்சுப்பா" என்று இங்கிருந்து குரல் போகும். இரண்டு குரலும் சுவரில் தொங்கும் துணிகளைத் தாண்டி நடுவழியில் சந்தித்துக்கொள்ளும். ஆட்கள் சந்தித்துக்கொள்வதில்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்று பட்டனிடம் இருந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பள்ளி விடுமுறை. அப்பா கடையைப் பார்க்க வேண்டியிருந்ததால் பகல் முழுக்க இவள்தான் துணை. மத்தியானம் மூடி போட்ட பச்சைத் தட்டு ஒன்று வரும். சூப், ரொட்டி, அவித்த காய்கறி, ஓரத்தில் ஒரு கிண்ணம் புட்டிங். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஏதோ தெரியாத ஊருக்கு டிக்கெட் கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

"இதை நீ முடிச்சுடுடி, தங்கம். அந்த சிஸ்டர் வந்தா காலித்தட்டு இருக்கணும்."

"நீ சாப்பிடும்மா. கொஞ்சமாவது."

"இறங்கல. இப்படியே திருப்பி அனுப்பினா மூக்குல குழாய் விடுவேன்னு மிரட்டறா. நான் என்ன பெட்ரோல் டேங்க்கா? சாப்பிடு, சாப்பிடு. உங்கப்பாகிட்ட மூச்சு விடாதே."

பட்டன் சாப்பிட்டாள். முதல் நாள் அழுதுகொண்டே சாப்பிட்டாள். அப்புறம் அழாமல் சாப்பிட்டாள். அம்மா தலையணையில் சாய்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். சிஸ்டர் வந்து, "அடேயப்பா, தட்டைக் கழுவி வெச்ச மாதிரி காலி பண்ணிட்டீங்களே!" என்பாள். அம்மா தேர்வில் பாசான பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். சிஸ்டர் போனதும் தாயும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

புட்டிங் ருசியாக இருந்தது. பட்டனால் தாங்க முடியாதது அதுதான். பயத்தில் சாப்பிட்டேன், அம்மா சொன்னதற்காகச் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கடைசி வாரங்களில் தட்டு எப்போது வரும் என்று அவள் கதவைப் பார்த்துக் காத்திருந்தாள். அவள் ஒரு சுற்றுப் பெருத்தாள். அம்மா கட்டிலோடு கட்டிலாக ஒட்டிப் போனாள். ஒருநாள் தட்டு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு எந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் இது யாருடையது என்ற கேள்வி முதலில் வந்து உட்கார்ந்தது. முதலில் இரவுச் சாப்பாட்டை விட்டாள். பிறகு மற்றவையும் போயின. பசிக்கும்போது ஒரு நிம்மதி இருந்தது. எடுத்ததைத் திருப்பி வைக்கிற நிம்மதி. அப்புறம் அது நிம்மதியா பிடிவாதமா என்று அவளுக்கே தெரியவில்லை. நிறுத்தலாம் என்று நினைத்த ஒருநாள் ரொட்டியை வாயருகே கொண்டுபோனாள். வாய் திறக்கவில்லை. அன்று கொஞ்சம் பயந்தாள். பயத்தை யாரிடம் சொல்வது? அம்மாவிடம்தான் சொல்லிப் பழக்கம்.

பள்ளியில் பக்கத்து இருக்கைக்காரிக்கு அணில் என்று பெயர். வகுப்பு நடக்கும்போதும் எதையாவது கொறித்துக்கொண்டிருப்பாள். அப்பா கட்டிக்கொடுக்கும் மத்தியானச் சாப்பாட்டை பட்டன் அவள் பக்கம் தள்ளிவிடுவாள்.

"உனக்கு வேண்டாமாடி?"

"காலையில சாப்பிட்டதே மேல வந்து நிக்குது. நீ சாப்பிடு. காலி டப்பா கொண்டுபோகலேன்னா அப்பா வருத்தப்படுவாரு."

"உங்கப்பா வருத்தப்படக் கூடாதுன்னு நான் எவ்வளவு தியாகம் பண்றேன் பாரு" என்று அணில் மூடியைத் திறப்பாள். "முட்டை ரெண்டு! மனுஷன் தெய்வம்டி!"

பட்டன் கன்னத்தில் கை வைத்து, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்று மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா இது, பொண்ணு கன்னமெல்லாம் ஒட்டிக் கிடக்கு?"

"வயசுக்கா. இந்த வயசுல எல்லாரும் நெடுநெடுன்னுதான் இருப்பாங்க."

"நெடுநெடுன்னு வளர்றது வேற, தேயறது வேற. சாப்பிடறாளா?"

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "டப்பா தினம் காலியாத்தான் வருது. அவ தேய்ஞ்சிருந்தா யூனிஃபார்ம் தொளதொளன்னுல்ல இருக்கணும்? பட்டன், அதைப் போட்டுட்டு வாம்மா. பாருக்கா, எப்படிக் கச்சிதமா உட்காருதுன்னு!"

பட்டன் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கச்சிதமாகத்தான் இருந்தது.

அத்தை தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீ தைச்சதை நீயே சாட்சிக்குக் கூப்பிடறியா?" என்றாள்.

அப்பா பாபினில் நூல் சுற்றப் போய்விட்டார். அத்தை பழங்களை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். பழங்கள் மேஜையிலேயே கறுத்துப் போயின. குப்பையில் போடும்போது அப்பா ஒரு நிமிஷம் நின்றார். பட்டன் பார்த்தாள். இப்போது கேட்பார் என்று நினைத்தாள். கேட்டுவிட மாட்டாரா என்றும் நினைத்தாள். அப்பா கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனார்.

அவள் விழுந்தது பள்ளி மாடிப்படியில். புத்தகப்பையோடு ஏறிக்கொண்டிருந்தவளுக்குக் கைப்பிடிச்சுவர் தூரமாகப் போனது மட்டும் நினைவு. கண் திறந்தபோது மேலே வெள்ளை விளக்கு. அதே மருந்து வாசனை. அம்மாவின் ஆஸ்பத்திரியேதான். ஊரில் பெரிய ஆஸ்பத்திரி அது ஒன்றுதான்.

ஒரு சிஸ்டர் அவள் இடுப்புப் பட்டியைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் கை தட்டுப்பட்டதும் நின்றாள்.

"பாக்கெட்டுல என்னம்மா வெச்சிருக்கே, இவ்வளவு தடியா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். துணி."

சிஸ்டர் விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். மடிப்புக்குமேல் மடிப்பாக, தையலுக்குப் பக்கத்தில் தையலாகத் துணி உருண்டு கிடந்தது. "ஒரு ஸ்கர்ட்டுக்குள்ள இன்னொரு ஸ்கர்ட்டே இருக்கே! யாரு இப்படித் தைச்சது?"

"நான்தான்" என்று கதவருகிலிருந்து குரல் வந்தது. அப்பா. கழுத்தில் இன்னும் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கடையைப் பூட்டினாரோ இல்லையோ. அருகே வந்து அந்த மடிப்பை விரலால் தொட்டார். நூலின் நிறம் இடத்துக்கிடம் மாறியிருந்தது. ஒவ்வொரு தடவையும் மெஷினில் எந்த நூல் இருந்ததோ அதிலேயே ஓட்டியிருந்தார். சாம்பல், நீலம், கறுப்பு, மறுபடியும் சாம்பல். தடவிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு விரல்தானேன்னு நினைச்சேன்" என்றார் யாரிடமோ.

டாக்டர் வந்து கேள்விகள் கேட்டுப் போனார். ரத்தம் எடுத்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பச்சைத் தட்டு வந்தது, மூடி போட்டு.

"கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடு. திரும்பி வந்து பார்ப்பேன்" என்று சிஸ்டர் வெளியே போனாள். அவளுக்குப் பின்னாலேயே அப்பா டாக்டரின் அறைக்குப் போனார். அவர்கள் போன இடைவெளியில் அணில் உள்ளே வந்தாள். ஆம்புலன்ஸில் கூடவே வந்து, இவ்வளவு நேரமும் வராந்தாவில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். முகம் வீங்கியிருந்தது.

பட்டன் தட்டைப் பார்த்தாள், அணிலைப் பார்த்தாள். யோசிக்காமலே கை தட்டை அவள் பக்கம் நகர்த்தியது.

அணில் தீயைக் கண்டதுபோலப் பின்னால் போனாள். "வேண்டாம்டி! வேண்டாம்! நான்தான்டி பண்ணினேன். தினமும் உன் சாப்பாட்டை நான்தான் தின்னேன். எனக்குத் தெரியும்டி, உனக்கு உடம்பு சரியில்லைன்னு எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனா முட்டை நல்லா இருந்துச்சு. நான் கேக்கவே இல்ல. உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான்..." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

முட்டை நல்லா இருந்துச்சு. இந்த வார்த்தையை வேறொருத்தி வாயிலிருந்து கேட்போம் என்று பட்டன் நினைத்ததே இல்லை. தனக்கு அம்மா கொடுத்துவிட்டுப் போனதை, கொடுக்கிறோம் என்று தெரியாமலே, அவள் இவளுக்குத் தினமும் டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். தான் இந்தக் கட்டிலிலிருந்து எழுந்து போகாவிட்டால் இந்தப் பிள்ளை இனி எந்தத் தட்டின் முன்னால் உட்காரும்?

"உன் தப்பு இல்லடி. நான்தானே குடுத்தேன்" என்றாள்.

இதையே தனக்குச் சொல்லிக்கொள்ள அவளால் இதுவரை முடிந்ததில்லை. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

அணில் நம்பவில்லை. நம்பாத முகம் எப்படி இருக்கும் என்று பட்டனுக்குக் கண்ணாடியில் பார்த்துப் பழக்கம்.

சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். வாராவாரம் வர வேண்டும், மனசு டாக்டர் ஒருவரையும் பார்க்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்த அன்று அப்பா கடையைத் திறக்கவில்லை. பட்டன்தான் கடைக்குள் போனாள். அவர் கட்டிங் மேஜையருகே சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"அப்பா, அம்மாவோட சாப்பாட்டை நான்தான் சாப்பிட்டேன்" என்றாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காலித்தட்டு, சிஸ்டர், குழாய், சிரிப்பு, புட்டிங். புட்டிங்கைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

அப்பா 'அதனாலென்ன கண்ணு' என்று தலையைத் தடவுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பாள். அவர் எழுந்து, வாங்க வராதவர்களின் துணி தொங்கும் கம்பியருகே போனார். ஓரத்தில் அம்மாவின் டிக்கெட் கவுண்டர் கோட்டு தொங்கியது. அதை எடுத்து மேஜையில் போட்டு உள்பக்கம் திருப்பினார்.

இரண்டு பக்கமும் தடித்துக் கிடந்தது. மடிப்புக்குமேல் மடிப்பு.

"'என்னங்க, லூஸா இருக்கு, பிடிச்சுக் குடுங்க'ன்னா. குடுத்தேன். மறுபடியும் கேட்டா. குடுத்தேன்." அவர் மடிப்பை நீவினார். "வேலைக்குப் போற இடத்துல யாரும் எதுவும் கேட்டுடக் கூடாதுன்னு அவளுக்கு. நல்லா உட்காருதான்னு பார்த்தேனே தவிர, உள்ளே இருக்கறவளைப் பார்க்கல. அப்பவே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருக்கலாம். அவ போனதுக்கப்புறமாவது புத்தி வந்துச்சா? உனக்கும் அதையேதான் பண்ணியிருக்கேன்."

"நான்தானே பிடிக்கச் சொன்னேன்."

"அவதானே உன்னைச் சாப்பிடச் சொன்னா."

இரண்டு பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, "டெய்லர்! என் பேன்ட் ரெடியா?" என்றார்கள். அப்பா, "வழியில இருக்கு!" என்று கத்தினார். கத்திய பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று இருவருக்கும் தெரிந்தது. பட்டனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அப்பா அவளை அணைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோட்டை அவள் தோளில் போட்டுவிட்டு மூக்கைச் சிந்தப் போனார்.

அடுத்த வாரம் டாக்டரிடம் அப்பாவே அந்தக் காலித்தட்டைப் பற்றிக் கேட்டார், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அம்மாவுக்கு வந்த நோயின் கடைசிக் கட்டத்தில் பசியே போய்விடும் என்றார் டாக்டர். சாப்பிடாததால் அம்மா போகவில்லை, போகிற நிலையில் இருந்ததால்தான் சாப்பிட முடியவில்லை. பட்டன் தலையாட்டினாள். வார்த்தைகள் சரியாகத்தான் இருந்தன. உள்ளே போய்ச் சேர நாளாகும் போலிருந்தது.

பள்ளிக்குப் போகிற அன்று காலை சீருடையை எடுத்து வந்தாள். அப்பா எல்லா மடிப்பையும் பிரித்து, கழற்றிய நூலைக்கூடப் பொறுக்கி எடுத்து, இஸ்திரி போட்டு வைத்திருந்தார். பழைய தையல் போன இடமெல்லாம் கோடு கோடாகத் தெரிந்தது. போட்டுப் பார்த்தாள். கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கியது.

"அப்பா, இதைப் போட்டுட்டு எப்படிப்பா போறது? இன்னிக்கு மட்டும் பிடிச்சுக் குடு."

"மாட்டேன்" என்றார் அப்பா. வாடிக்கையாளரிடம் அவர் இதுவரை சொல்லாத சொல். "தொளதொளன்னே போ. பாக்கறவங்க பாக்கட்டும். கேக்கறவங்க கேக்கட்டும். நானும் தினமும் பாப்பேன்." ஒரே ஒரு ஊக்கை மட்டும் நீட்டினார். "இது விழாம இருக்க. அவ்வளவுதான்."

சமையலறையில் மூன்றாவது நாற்காலியில் இருந்த துணிகளைக் காணோம். மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன. அப்பா உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் தன் தட்டில் பாதிகூடச் சாப்பிடவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை, எழுந்தும் போகவில்லை. கடை திறக்கத் தாமதமானது.

பள்ளியில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரியும் பார்த்தார்கள். மத்தியான மணி அடித்ததும் பட்டன் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். அணில் தன் டப்பாவை எடுக்கவே இல்லை. பையை மடியில் வைத்து அதன்மேல் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ சாப்பிடலையா?"

"பசிக்கல."

"அணிலுக்குப் பசிக்கலையாம்! சூரியன் மேற்கால உதிச்சிருச்சு போல" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். "நீ இல்லாத நாளெல்லாம் இப்படித்தான் உட்கார்ந்திருந்தா."

பட்டன் அவள் கன்னத்தைப் பார்த்தாள். அந்த உருண்டைக் கன்னத்தில் லேசாக ஒரு குழி விழுந்திருந்ததா, அல்லது அவளுக்குத்தான் அப்படித் தெரிந்ததா?

"அணில், உன் டப்பாவைத் திற."

"நீ முதல்ல சாப்பிடு. அப்புறம் பாக்கலாம்."

"முடிஞ்ச அளவுதான்டி முடியும் என்னால."

"சரி. நீ ஒரு வாய். நான் ஒரு வாய்."

பட்டன் மூடியைத் திறந்தாள். ரொட்டி, இரண்டு முட்டை. ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி எடுத்தாள். இது யாருடையது என்ற கேள்வி வழக்கம்போல வந்து எதிரே உட்கார்ந்தது. அது உட்கார்ந்திருக்கும்போதே வாயில் போட்டு மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள். அணில் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூச்சு விடாமல். விழுங்கியதும் பையைத் திறந்து தன் டப்பாவை எடுத்தாள்.

"சீக்கிரம்டி, அடுத்த வாய்" என்றாள் வாய் நிறைய. "எனக்கு உண்மையிலேயே பசிக்குது."

பட்டன் இடது கையால் நழுவும் ஸ்கர்ட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் இன்னொரு துண்டைக் கிள்ளினாள்.